அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆன 54 நாள்

காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல நான் மாங்கா மண்டி வச்சிருக்கேன். மண்டினா பெருசா நெனச்சுக்காதீங்க, ஒரு தகர ஷெட்டு, ஒரு எடை மெஷின், ஒரு சின்ன யானை வண்டி, சீசன்ல ஏழெட்டு ஆளுங்க, அவ்ளோதான். எங்கப்பாவும் இதே தொழில்தான் பண்ணாரு. 2025 சீசன்ல என் பேங்க் அக்கவுண்ட ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க, 54 நாள் என் சொந்தக் காச என்னாலயே தொட முடியல. நான் எந்தத் தப்பும் பண்ணல, என் மேல கேஸும் இல்ல, யாரும் என்ன கூப்ட்டு ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. அந்த நாள்ல யாராவது ஒருத்தர் "இத இப்டி செய், அத செய்யாத"ன்னு சொல்லியிருந்தா அந்த 54ல பாதி நாள்லயே முடிஞ்சிருக்கும், அதுக்காகத்தான் எழுதுறேன். க்யூஆர் கோடு ஒட்டி கடை வச்சிருக்குற யாருக்கு வேணா இது நடக்கலாம், டீக்கடைக்காரர், பூக்கார அக்கா, ஆட்டோ ஓட்றவரு யாருன்னு இல்ல.

மே 27, செவ்வாக்கிழமை, சாயந்திரம் ஏழு மணி இருக்கும். பெங்களூரா காய் லோடு ஏத்திட்டு இருந்தோம் (வெளியூர்ல தோத்தாபுரி, கிளிமூக்குன்னு சொல்றதத்தான் நாங்க பெங்களூரான்னு சொல்றது). ஒரு பையன் பைக்ல வந்தான், இருபத்தி அஞ்சு வயசுக்குள்ளதான் இருக்கும், நல்லா தமிழ் பேசுனான். "அண்ணா, அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கேன், கேஷாதான் கட்டணும்ங்குறாங்க, ரெண்டு ஏடிஎம் பாத்துட்டேன் காசு இல்ல, உங்களுக்கு ஜிபே பண்ணிடுறேன், ஒரு பதினெட்டாயிரம் கேஷ் குடுக்க முடியுமாண்ணா"ன்னு கேட்டான். என் கைல அன்னிக்கு சில்லறை விக்கிற காசு இருந்துச்சு. அவன் ஸ்கேன் பண்ணான், ஸ்பீக்கர் பாக்ஸ் பதினெட்டாயிரம்னு சத்தமா சொல்லுச்சு, நான் எண்ணிக் குடுத்தேன். அவன் கை எடுத்துக் கும்புட்டுட்டு போனான். அதுக்கப்பறம்தான் போன எடுத்துப் பாத்தேன், பணம் அனுப்புன பேரு ஏதோ வடக்கத்திப் பொம்பள பேரா இருந்துச்சு. அப்ப மனசுல ஒரு சின்ன உறுத்தல் வந்தது நெஜம், ஆனா லோடுக்காரரு கூப்ட்டாரு, போய்ட்டேன். ஒரு அவசரத்துக்கு உதவி பண்ணோம்னு நெனப்பு வேற.

பன்னெண்டு நாள் கழிச்சு, ஜூன் 8, ஞாயித்துக்கிழமை. எங்க மண்டில ஆளுங்களுக்கு வாரக் கூலி குடுக்குற நாள். மொத ஆளுக்கு 4,200 அனுப்புனேன், ஃபெயில்ட்னு வந்துச்சு. நெட்டு ப்ராப்ளம்னு நெனச்சேன், மறுபடி போட்டேன், மறுபடியும் ஃபெயில். பொண்டாட்டி போன்ல இருந்து எனக்கு ஒரு ரூபா அனுப்ப சொன்னேன், உள்ள வந்துச்சு, வெளிய போகல. பணம் உள்ள வரும் வெளிய போகாது, இது டெபிட் ஃப்ரீஸுக்கு அடையாளம், இத நீங்க ஞாபகம் வச்சிக்கோங்க. எனக்கு அது தெரியாம அந்த ஞாயிறு ராத்திரி பூரா வர்ற பணத்தயும் அதே அக்கவுண்ட்ல வாங்கிட்டு இருந்தேன், ஃபேக்டரில இருந்து 86 ஆயிரம் திங்கக்கிழமை காலைல அதுலதான் விழுந்துச்சு. உங்களுக்கு இந்த மாதிரி ஆச்சுனா அந்த நிமிஷமே க்யூஆர் அட்டைய கழட்டி வச்சிட்டு, உங்களுக்கு காசு குடுக்க வேண்டியவங்களுக்கெல்லாம் போன் போட்டு "இதுல போடாதீங்க"ன்னு சொல்லிடுங்க. நான் சொல்லாம விட்டதுல மட்டும் 86 ஆயிரம் சேந்து மாட்டுச்சு.

திங்கக்கிழமை பேங்க் தொறக்குறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு என் நம்பர அடிச்சு பாத்துட்டு முகத்த மாத்திக்கிட்டு "சார், மேனேஜர பாருங்க"ன்னுச்சு. அந்த மொகம் மாறுனது இருக்கே, அது இன்னும் கண்ணுல நிக்குது. பதினாறு வருஷமா அந்த பேங்க்ல கணக்கு வச்சிருக்கேன், பேரு சொல்லி கூப்புடுவாங்க. மேனேஜர் கம்ப்யூட்டர என் பக்கம் கொஞ்சம் திருப்பி காட்டுனாரு, "லீன் போட்டிருக்கு, சைபர் கிரைம் கம்ப்ளைண்ட், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னாரு. லீன்னா அக்கவுண்ட்ல இருக்குற பணத்த எடுக்க முடியாம புடிச்சு வைக்கிறது. எந்த ஸ்டேஷன்னு கேட்டா வடக்க ஒரு மாநிலம் பேரு சொன்னாரு. நான் சேலம், பெங்களூரு தாண்டி எங்கயும் போனதில்ல. எவ்ளோ தொகைக்குன்னு கேட்டேன், 18,000ன்னாரு. அக்கவுண்ட்ல அன்னிக்கு இருந்தது 4,12,600. பதினெட்டாயிரத்துக்கு எதுக்கு சார் நாலு லட்சத்தயும் புடிச்சீங்கன்னு கேட்டதுக்கு "சிஸ்டம் அப்டித்தான் பண்ணும்"னு பதில். சிஸ்டம்னா யாரு, எந்த ஆளு, எந்த ஊர்ல ஒக்காந்திருக்காரு, யார்கிட்ட போய் நான் பேசுறது, அதுக்கு அவர்கிட்டயும் பதில் இல்ல. அவரும் ஒரு எடத்துக்குக் கட்டுப்பட்டவருதான்னு இப்ப புரியுது, அன்னிக்கு எனக்கு கோவத்துல கை நடுங்குச்சு.

இது எப்டி வேல செய்யுதுன்னு நான் தெரிஞ்சிக்கவே பத்து நாள் ஆச்சு, நீங்க இப்பவே தெரிஞ்சிக்கோங்க. யாராவது ஒருத்தர ஆன்லைன்ல ஏமாத்தி காச புடுங்கிட்டா, அவங்க 1930க்கு போன் பண்ணலாம், இல்லனா மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல கம்ப்ளைண்ட் போடலாம். 2021ல இருந்து இந்த ஏற்பாடு இருக்கு. கம்ப்ளைண்ட் ஏறுன உடனே அந்தப் பணம் மொதல்ல எந்த அக்கவுண்டுக்கு போச்சு, அங்க இருந்து எங்க பிரிஞ்சு போச்சுன்னு பேங்க் பேங்கா தேடிட்டு போவாங்க, பணம் போன வழில இருக்குற ஒவ்வொரு அக்கவுண்டுலயும் புடிச்சு வைப்பாங்க. மொத அக்கவுண்ட லேயர் ஒண்ணு, அடுத்தத லேயர் ரெண்டுன்னு சொல்றாங்க. திருடனுங்க பணத்த உடனே பத்து எடத்துக்கு பிரிச்சு விட்டு, கடைசில இந்த மாதிரி எங்கள மாதிரி கடைக்காரங்ககிட்ட வந்து கேஷா மாத்திட்டு போயிடுவானுங்க. கேஷா மாறிட்டா தடம் அங்கயே முடிஞ்சிடும், கம்ப்யூட்டருக்கு தெரியுற கடைசி பேரு நம்ம பேரு. நான் லேயர் மூணு. அந்தப் பையன் எங்கயோ போய்ட்டான், அவனுக்கு பேரே இல்ல அந்த சிஸ்டத்துல.

போலீசுக்கு இதுக்கு சட்டத்துல அதிகாரம் இருக்கு, முன்னாடி சிஆர்பிசி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 102வது பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 106வது பிரிவு. சந்தேகப்படுற சொத்த கைப்பத்தலாம், ஆனா கைப்பத்துனா அத மாஜிஸ்ட்ரேட்டுக்கு தெரிவிக்கணும்னும் அதே பிரிவுல இருக்கு. எனக்கு ஒரு நோட்டீஸ் வரல, ஒரு எஸ்எம்எஸ் வரல. அந்த ஏற்பாடே வேணாம்னு நான் சொல்லல, அது இருக்குறதாலதான் எத்தனையோ பேருக்கு போன காசு திரும்ப வருது. ஆனா பூட்டு போட ஒரு நிமிஷம் போதும்னு வச்சவங்க, அத தொறக்க யார்கிட்ட போகணும்னு அன்னிக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே, அதுதான் என் ஆத்தாமை.

பேங்க்ல மொத நாளே நீங்க வாங்க வேண்டியது என்னன்னா, கம்ப்ளைண்ட்டோட அக்னாலெட்ஜ்மெண்ட் நம்பர், எந்த மாநிலம் எந்த ஸ்டேஷன், விசாரிக்கிற ஆபீசரோட மெயில் ஐடி, எந்த ட்ரான்சாக்‌ஷனுக்காக புடிச்சாங்க, அதோட யூடிஆர் நம்பர் (ஒவ்வொரு தடவ பணம் போகும்போதும் விழுற அடையாள நம்பர்), எவ்ளோ ரூபா, லீனா இல்ல முழு டெபிட் ஃப்ரீஸா. வாய்ல கேட்டா வாய்லதான் சொல்வாங்க. வெள்ளப் பேப்பர்ல எழுதி ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல சீல் போட்டு வாங்கிடுங்க. நான் நாலு தடவ வாயால கேட்டு நாலு தடவயும் வேற வேற பதில் வாங்கிட்டு வந்தேன், எழுதிக் குடுத்த அன்னிக்கு மூணே நாள்ல மெயில்ல எல்லாம் வந்துச்சு. எழுத்துல குடுத்தா அதுக்கு அவங்க பதில் சொல்லியாகணும், அந்த ஒரு வித்தியாசம்தான். இன்னொண்ணு, பக்கத்துல எங்க சிசிடிவி இருக்கோ அன்னிக்கே போய் காப்பி எடுத்துடுங்க. மண்டிக்கு எதிர்ல டீக்கடைல கேமரா இருக்கு, அதுல அந்தப் பையன் வந்தது, நான் எண்ணிக் குடுத்தது எல்லாம் விழுந்திருக்கும். எனக்கு அது தோணி நான் போய் கேக்கும்போது ஜூன் 16. டீக்கடை தம்பி பாத்துட்டு "அண்ணா இதுல பதினஞ்சு நாள்தான் நிக்கும், மேல மேல ரெக்கார்ட் ஆயிடும்"னான். பேங்க்ல தெரிஞ்ச அன்னிக்கே போயிருந்தா கெடச்சிருக்கும். என்கிட்ட இருந்த ஒரே சாட்சி அது, கண்ணு முன்னாடி போச்சு.

மாங்காக்கு சீசன் மூணு மாசம்தான். பறிச்ச காய் யாருக்காகவும் காத்துட்டு இருக்காது. நாலு லட்சத்துல மூணு லட்சத்து நாப்பதாயிரம் என் காசே இல்ல, தோட்டத்துக்காரங்களுக்கு குடுக்க வேண்டியது. அந்த வருஷம் பெங்களூரா வெல வேற அடி மட்டத்துக்கு போயிடுச்சு, கிலோ அஞ்சு ரூபாக்கு எங்க மண்டிலயே வாங்குனோம், பறிப்புக் கூலிக்கே பத்தலன்னு ஆளுங்க மரத்துலயே விட்டாங்க. அந்த நெலமைல காய் போட்டுட்டு காசுக்கு காத்துட்டு இருக்குறவங்ககிட்ட போய் "அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு"ன்னு சொன்னா யாரு நம்புவாங்க. ஒருத்தர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, "சைபர் கிரைம்ல புடிக்கிறாங்கன்னா சும்மாவா புடிப்பாங்க"ன்னு. ஊர்ல ரெண்டு நாள்ல நான் ஏதோ ஆன்லைன் சூதாட்டத்துல மாட்டிக்கிட்டேன்னு பேச்சு ஆயிடுச்சு. சந்தூர் பக்கத்துல ஒரு பெரியவர், எங்கப்பா காலத்துல இருந்து எங்களுக்குத்தான் காய் போடுவாரு, அவருக்கு 62 ஆயிரம் பாக்கி. அவரு வந்து சண்ட போடல. காலைல பத்து மணிக்கு வந்து கவுத்துப் போட்ட கிரேட் மேல ஒக்காந்துக்குவாரு, தண்ணி குடுத்தா குடிப்பாரு, மத்தியானம் எழுந்து துண்ட ஒதறி தோள்ல போட்டுட்டு "வரேன்பா"ன்னு போயிடுவாரு. மூணு நாள் அப்டி வந்தாரு. அவரு திட்டியிருந்தா கூட எனக்கு அவ்ளோ வலிச்சிருக்காது. நாலாவது நாள் வீட்டுக்காரி நகைய எடுத்துட்டு போய் வச்சு அவருக்கும் கூலி ஆளுங்களுக்கும் குடுத்தேன். மிச்ச ஆளுங்களுக்காக மூணு லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்குனேன். மாசம் ஆறாயிரம் வட்டி, என் அக்கவுண்ட்ல நாலு லட்சம் இருக்கும்போதே.

சின்ன யானை வண்டி ட்யூ ஜூலை அஞ்சாந்தேதி பவுன்ஸ் ஆச்சு, 590 ரூபா போச்சு. அது கூட பரவால்ல, சிபில்ல (கடன ஒழுங்கா கட்டுறோமான்னு பாக்குற பதிவு) ஏறிடும். இதுக்கு ஒரு வழி இருக்கு, ஃப்ரீஸ் ஆன உடனே ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு வேற அக்கவுண்ட்ல இருந்தோ கேஷாவோ கட்டுறேன்னு சொல்லிட்டா போதும். எனக்கு அந்த கவலைல ட்யூ தேதியே மறந்து போச்சு. ஆட்டோ டெபிட்ல என்னென்ன இருக்கு, எல்ஐசி, கேஸ், சீட்டு, ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்துக்கோங்க.

அப்பறம் நான் பண்ண ரெண்டாவது தப்பு. ராத்திரில தூக்கம் வராம யூடியூப்ல தேடுனேன், ஒரு வீடியோக்கு கீழ "24 மணி நேரத்துல அக்கவுண்ட் அன்ஃப்ரீஸ் பண்ணித் தரோம்"னு ஒரு வாட்ஸப் நம்பர். பேசுனவரு ரொம்ப மரியாதையா பேசுனாரு, வக்கீல் மாதிரியே சட்டமெல்லாம் சொன்னாரு, என் அக்னாலெட்ஜ்மெண்ட் நம்பர வாங்கிக்கிட்டு "சார் உங்க ஃபைல் எங்க டீம்ல பாத்துட்டாங்க"ன்னாரு. 15 ஆயிரம் கேட்டு, மொத 6 ஆயிரம் அட்வான்ஸ்னு வீட்டுக்காரி போன்ல இருந்து வாங்குனாரு. மூணு நாள் "ப்ராசஸ்ல இருக்கு", நாலாவது நாள் இன்னும் 9 ஆயிரம் போட்டாதான் ஐஓகிட்ட (கேஸ விசாரிக்கிற போலீஸ் ஆபீசர்) போகும், அஞ்சாவது நாள் நம்பர் ப்ளாக். கஷ்டத்துல இருக்குறவன மறுபடி ஏமாத்துறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. போலீஸ்ல பேசி விடுறேன், பேங்க்ல ஆள் தெரியும்னு யாரு காசு கேட்டாலும் குடுக்காதீங்க. வீடியோ கால்ல வந்து போலீஸ் ட்ரெஸ்ல பேசி உங்கள டிஜிட்டல் அரெஸ்ட் பண்றோம்னு மெரட்டுனா கட் பண்ணிடுங்க, அப்டி ஒரு அரெஸ்டே சட்டத்துல கெடையாது.

ஐஓ நம்பர் கெடச்சதும் போன் போட்டேன். எங்க பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடும், ஹிந்தி சுத்தமா வராது. அவரு ஹிந்தில கத்துறாரு, நான் தமிழ்ல கெஞ்சுறேன், கட் பண்ணிட்டாரு. நாலஞ்சு நாள் இப்டியே போச்சு. எங்க மண்டில லோடு ஏத்துற பீகார் பையன் ஒருத்தன், மூணு வருஷமா இருக்கான், தமிழ் நல்லா பேசுவான். "அண்ணா நான் பேசவா"ன்னான். ரெண்டு பேரும் வண்டிக்குள்ள ஒக்காந்து கண்ணாடிய ஏத்திட்டு ஸ்பீக்கர்ல போட்டோம். அவன் மொதல்ல வணக்கம் சொல்லிட்டு, நாங்க பழம் யாவாரம் பண்றவங்க சார், மொதலாளிக்கு ஹிந்தி தெரியாது, உங்கள மதிச்சுதான் கூப்புடுறோம்னு நிதானமா சொன்னான். அவரு கொஞ்சம் எறங்கி வந்தாரு. கம்ப்ளைண்ட் குடுத்தவங்க ஒரு ரிடயர்ட் டீச்சரம்மா, ஷேர் மார்க்கெட்ல லாபம்னு வாட்ஸப் குரூப்ல சேத்து 9 லட்சம் புடுங்கிட்டாங்க, அதுல ஒரு துண்டு 18 ஆயிரம் உன் அக்கவுண்ட்ல வந்திருக்குன்னு சொன்னாரு. பையன் எனக்கு அத தமிழ்ல சொல்லும்போது நான் ஒண்ணும் பேசல. அது வரைக்கும் என் கோவம் பூரா கம்ப்ளைண்ட் குடுத்தது எவன்னுதான் இருந்துச்சு. எங்கம்மா வயசுல ஒரு பொம்பள, வாழ்நாள் சேமிப்பு போயிடுச்சு, அவங்க ராத்திரி எப்டி தூங்குவாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னவன் எவனோ, மாட்டுனது நாங்க ரெண்டு பேரு.

அவரு சொன்னாரு, 18 ஆயிரத்த அந்தம்மாவுக்கு அனுப்பிடு, நான் என்ஓசி (ஆட்சேபணை இல்லன்னு ஒரு லெட்டர்) தரேன்னு. எனக்கு அனுப்பிடலாம்னு தோணுச்சு, பதினெட்டோட போகட்டும், மண்டி ஓடணும். பையன்தான் "அண்ணா எழுத்துல கேளுங்க"ன்னான். எழுத்துல தர மாட்டேன்னுட்டாரு, நேர்ல வான்னாரு. ரயில்ல போக வர நாலு நாள், சீசன் நேரத்துல எப்டி. அப்பதான் நம்ம மாவட்ட சைபர் கிரைம் போலீஸ்ல போய் கேட்டேன். அங்க இருந்தவரு ஒக்கார வச்சு பொறுமையா கேட்டாரு, இந்த கேஸ் எங்களது இல்ல, ஆனா போன்ல யாருக்கும் பணம் அனுப்பாதீங்க, கோர்ட்டு மூலமா எது செஞ்சாலும் செய்ங்க, அந்தப் பையன பத்தி இங்க ஒரு மனு குடுத்து ரசீது வாங்கி வச்சிக்கோங்கன்னாரு. அந்த ரசீது பின்னால ரொம்ப ஒதவுச்சு, நீங்களும் மொத வாரத்துலயே வாங்கிடுங்க. போர்ட்டல்ல ஒவ்வொரு மாநிலத்துக்கும் நோடல் ஆபீசர், கிரீவன்ஸ் ஆபீசர் பேரு, மெயில் எல்லாம் இருக்கும், ஐஓக்கு போடுற மெயில அவங்களுக்கும் சேத்து போடுங்கன்னு சொன்னதும் அவருதான்.

ஜூலை மொத வாரம் கிருஷ்ணகிரில ஒரு வக்கீலம்மாவ பாத்தேன். அவங்க சொன்ன மொத விஷயத்துலயே எனக்கு பாதி உசுரு வந்துச்சு. 2024ல சென்னை ஹைகோர்ட்டு இதே மாதிரி ஒரு கேஸ்ல, சந்தேகப்படுற தொகைய மட்டும் புடிச்சு வச்சிட்டு மிச்ச அக்கவுண்ட இயக்க விடுன்னு உத்தரவு போட்டிருக்கு, கேரளா ஹைகோர்ட்டும் அதுக்கு முன்னாடியே அப்டி சொல்லியிருக்கு. அந்த உத்தரவ வச்சு பேங்குக்கு ஒரு லெட்டர், ஐஓக்கு ஒரு லெட்டர் எழுதுனாங்க. எங்க கட்சிக்காரர் மேல குற்றச்சாட்டு எதுவும் இல்ல, சந்தேகத் தொகை 18,000 மட்டும்தான், அத லீன்ல வச்சிக்கோங்க, மிச்ச 3,94,600ஐ விடுங்கன்னு. கூடவே என் ஜிஎஸ்டி இல்லாத சின்ன யாவாரத்துக்கு என்ன ஆதாரம் இருக்கோ எல்லாம், ஃபேக்டரி எடைச் சீட்டு, மூணு வருஷ ஸ்டேட்மெண்ட், போலீஸ் ரசீது, எல்லாத்தயும் ஒரே பிடிஎஃப்பா போட்டு அனுப்புனோம். பதில் வரலன்னா அடுத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல பிஎன்எஸ்எஸ் 503வது பிரிவுல (புடிச்சு வச்சத திருப்பிக் கேக்குறது) மனு, அதுக்கும் மேல ஹைகோர்ட்டுல ரிட்டு. பேங்க் மேல குறை இருந்தா மொதல்ல பேங்குக்கே எழுத்துல கம்ப்ளைண்ட் குடுத்து 30 நாள் பாத்துட்டு, ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்கு (பேங்க் மேல வர்ற குறைய விசாரிக்கிறவர்) போகலாம், அதுக்கு காசு கெடையாது, 14448ல கூப்ட்டும் கேக்கலாம். நான் ஜூன் மாசமே எழுத்துல குடுத்திருந்ததால அந்த 30 நாள்ல கொஞ்சம் அப்பவே கழிஞ்சிருந்துச்சு, அதனாலதான் சொல்றேன் மொத நாளே எழுதிக் குடுங்கன்னு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவங்க 15100க்கு போன் பண்ணலாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல பொம்பளைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு எல்லாம் இலவசமா வக்கீல் தருவாங்க. எங்க கூலி ஆளு ஒருத்தரு பொண்டாட்டிக்கு இந்த வருஷம் வேற ஒரு பிரச்சனைல நானே கூட்டிட்டு போனேன், மரியாதையா நடத்துனாங்க.

ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு பேங்க்ல இருந்து போன். ஐஓகிட்ட இருந்து மெயில் வந்துடுச்சு, 18 ஆயிரம் தவிர மிச்சம் ரிலீஸ்னு. நான் நம்பல. வீட்டுக்காரிக்கு ஒரு ரூபா அனுப்பிப் பாத்தேன், போச்சு. இன்னொரு ரூபா அனுப்புனேன், அதுவும் போச்சு. ஷெட்டுல அப்ப யாரும் இல்ல, சீசனே முடிஞ்சு கிரேட் எல்லாம் அடுக்கி வச்சிட்டோம். அப்டியே கீழ ஒக்காந்துட்டேன்.

போனது எவ்ளோன்னு ஒரு நாள் ஒக்காந்து எழுதுனேன். வட்டி ரெண்டு மாசம் 12,000. ஏஜெண்டுன்னு வந்தவன் எடுத்தது 6,000. வக்கீல் ஃபீஸ் 15,000. வண்டி ட்யூ 590. 18,000 இன்னும் லீன்லயே நிக்குது. ஆக 51,590. காசு இல்லாம வாங்க முடியாமப் போன லோடு, அழுகுன காய், வேற மண்டிக்கு போயிட்ட மூணு தோட்டத்துக்காரங்க, இதெல்லாம் கணக்குல வராது. நகைய இன்னும் மீட்கல.

எங்கப்பா 2000ஆம் வருஷம் வரைக்கும் பேங்க் பக்கமே போகாம யாவாரம் பண்ணவரு. போச்சம்பள்ளி சந்தைல மாடு புடிக்கும்போது துண்டுக்கு அடில வெரல புடிச்சு வெல பேசுவாரு, சுத்தி நிக்கிறவங்களுக்கே தெரியாது என்ன வெலன்னு. இப்ப நான் ஒரு டீ குடிச்சா கூட எங்க குடிச்சேன், எத்தன மணிக்கு குடிச்சேன்னு எழுதி வைக்கிது. எழுதி வைக்கட்டும், அதனால எனக்கு சௌகரியமும் இருக்கு, திருட்டு பயம் இல்ல, சில்லறை தொல்ல இல்ல. ஆனா அவ்ளோ எழுதி வச்சும், அந்த 18 ஆயிரத்த நான் எண்ணிக் குடுத்தேன்ங்குறது மட்டும் அதுல எங்கயும் இல்ல. எழுதுனது அவங்களுக்கு தெரியும், எனக்கு நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். என் பக்கத்த சொல்றதுக்கு நான் தனியா ஓட வேண்டியதா போச்சு.

இப்ப நான் என்ன பண்றேன்னா, க்யூஆர் அக்கவுண்ட் தனி, அதுல பத்து பதினஞ்சாயிரத்துக்கு மேல வைக்கிறதில்ல. ஃபேக்டரி பணம் வேற பேங்க்ல வேற அக்கவுண்டுக்கு நேரா வருது. க்யூஆர்ல வந்த பணத்த அன்னன்னிக்கே வீட்டுக்காரி அக்கவுண்டுக்கு மாத்துறது பாதுகாப்புன்னு சில பேரு சொல்வாங்க, அது தப்பு, தடம் பின்னாடியே வந்து அவங்க அக்கவுண்டயும் புடிக்கும். க்யூஆர் அக்கவுண்ட்ல இருந்து ஆளுங்க கூலி, டீசல்னு செலவுக்குத்தான் எடுக்குறேன். பெரிய தொகை யாரு ஸ்கேன் பண்ணாலும் ஒரு லாங் சைஸ் நோட்டுல பேரு, போன் நம்பர், வண்டி நம்பர், என்ன காய், எத்தன கிலோன்னு எழுதி கையெழுத்து வாங்குறேன். அனுப்புறவர் பேரும் எதிர்ல நிக்கிறவர் பேரும் வேறயா இருக்கக் கூடாதுன்னு, ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடியே "உங்க நம்பர்ல இருந்துதான் போடணும்"னு சொல்லிடுறேன், பணம் வந்தப்பறம் திருப்பி அனுப்புறதில்ல. ஏன்னா, திருப்பி அனுப்புனாலும் அதுவும் ஒரு ட்ரான்சாக்‌ஷன்தான்.

போன மாசம் ஒருத்தரு வந்தாரு, நாப்பது வயசு இருக்கும், கைல ஆஸ்பத்திரி ஃபைலு, "தம்பி கேஷ் ரெண்டாயிரம் கெடைக்குமா, ஜிபே பண்ணிடுறேன்"னாரு. மொகத்த பாத்தா நெஜமாத்தான் இருந்துச்சு. எனக்கு இல்லன்னு சொல்லவும் வாய் வரல, ஸ்கேன் பண்ணுங்கன்னு சொல்லவும் பயம். பாக்கெட்ல இருந்த ஐநூறு ரூபாவ எடுத்து குடுத்து, "இத வச்சிக்கோங்க, நீங்க திருப்பித் தர வேணாம், ஸ்கேன் மட்டும் பண்ணாதீங்க"ன்னு சொன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல, கொஞ்ச நேரம் என்னயே பாத்துட்டு நின்னுட்டு போனாரு.